பிரஷர் நோட்டு

செட்டிகுளம் போகும் சாலையில் ஒரு பஸ் நிறுத்தம். அதற்கு எதிரே என் மருந்துக்கடை. பதினெட்டு வருஷமாக நடத்துகிறேன். டி.பார்ம் சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதை நின்று படித்தவர்கள் யாரும் இல்லை. இத்தனை வருஷத்தில் என் வேலை என்னவென்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. டாக்டர் சீட்டைப் பார்க்க வேண்டும், மாத்திரையை எடுக்க வேண்டும், காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று கவரில் எழுதிக் கொடுக்க வேண்டும். சீட்டே இல்லாமல் வந்து, "காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க" என்று நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கேட்பவர்களைத் திட்டி அனுப்ப வேண்டும். திட்டுவதில் எனக்கு ஊரில் நல்ல பெயர். "அந்தம்மா கடைக்குப் போனா மாத்திர கெடைக்குதோ இல்லியோ, வாங்கிக் கட்டிக்கிறது நிச்சயம்" என்று பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்திருக்கிறது.

குழப்பம் ஆரம்பித்தது பெரம்பலூரில் நடந்த ஒரு நாள் பயிற்சியில். ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களைப் போன்ற மருந்துக்கடைக்காரர்களை உட்கார வைத்து, வெளியூரிலிருந்து வந்த ஒரு சார் பேசினார். மருந்தாளுநர் என்றால் மாத்திரை எடுத்துக் கொடுப்பதோடு நிற்கக் கூடாது, பிரஷர் பார்க்கலாம், சுகர் பார்க்கலாம், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று விசாரிக்கலாம் என்றார். ஜனங்கள் டாக்டரிடம் சொல்லாததைக்கூட உங்களிடம் சொல்வார்கள் என்றார். எனக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார்.

"சார், பிரஷர் எச்சா இருந்தா நாங்க என்ன பண்றது?"

"டாக்டர்கிட்ட அனுப்புங்க."

"போகலைன்னா சார்?"

"போகச் சொல்லுங்க."

கேட்டவர் இன்னும் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் சாப்பாட்டுக்கு மணி ஆகிவிட்டது. பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி புரிந்திருந்தது. மீதியை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன், அங்கேதான் வினை.

கடைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். செவ்வாய்க்கிழமை என்றால் முருகன் கோயிலுக்கு வருகிற கூட்டம் பஸ்ஸை விட்டு இறங்கும், ஆகவே செவ்வாய்க்கிழமை காலையில் பிரஷர் பார்ப்பதென்று எழுதி ஒட்டினேன். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நம்பர், குறிப்பு என்று மூன்று கட்டம். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாதே என்று நான் ஒரு யோசனை செய்தேன். நம்பர் சரியாக இருந்தால் பச்சை மையில் எழுதுவது, எகிறி இருந்தால் சிவப்பு மையில். இந்த யோசனைக்காக என்னை நானே ரொம்ப மெச்சிக்கொண்டேன். பயிற்சிக்கு வந்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் படம் எடுத்துப் போட்டேன், கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன.

முதல் இரண்டு வாரம் ஈ ஓட்டினேன். மூன்றாவது வாரம் நாற்காலிக்குக் கியூ நின்றது. வருகிற பெண்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஏன் என்று கேட்டால் சிரித்தார்கள். சிவப்பு வந்த ஒருத்தி, "இந்தக் கை வேணாம்மா, இது நேத்து களை வெட்டுன கை, அந்தக் கையில பாருங்க" என்றாள். நூறு நாள் வேலைக்குப் போகிற இடத்தில் நோட்டை விரித்து, உனக்குப் பச்சையா எனக்குப் பச்சையா என்று பார்த்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். நான் பூரித்துப் போனேன். என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டவர்களை அதட்டினேன், ஆனால் மெதுவாகத்தான் அதட்டினேன்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெரியம்மா. அறுபது வயது தாண்டியிருக்கும். புருஷன் இல்லை. அரை ஏக்கர் கொல்லை, அதில் சின்ன வெங்காயம். தன் கொல்லையில் வேலை இல்லாத நாளில் மற்றவர்கள் வெங்காயத்தைக் குவித்து வைக்கும் பட்டறையில் உட்கார்ந்து கூலிக்கு வெங்காயத் தாள் அறுப்பார். ஒரே மகள், கல்யாணமாகித் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். பெரியம்மாவுக்கு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதை என்னிடம்தான் வாங்குவார்.

ஒவ்வொரு செவ்வாயும் அவருக்குப் பச்சைதான். எழுதி முடித்ததும், "மவளுக்கு அனுப்பிடுங்கம்மா" என்பார். நான் நோட்டைப் படம் எடுத்து மகளின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவேன். அங்கிருந்து கும்பிடுகிற கை ஒன்று வரும். கியூவில் நிற்பவர்களிடம் அவரைக் காட்டி, "இவங்களப் பாருங்க, இப்படி இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. முப்பது மாத்திரை வாங்கினால் முப்பது நாளில் தீர வேண்டும். அவர் ஒவ்வொரு முறையும் மூன்று மாதம், மூன்றரை மாதம் கழித்துத்தான் அடுத்த அட்டை வாங்க வந்தார். மாத்திரையை விற்றவள் நான். ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பச்சை மையைப் பார்த்துப் பார்த்து என் கண் அவிந்து போயிருந்தது.

ஒரு செவ்வாய் அவருக்கு முதல் தடவையாக நம்பர் எகிறியது. நூற்றி எழுபதைத் தாண்டி நின்றது. ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நான் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பெரியம்மா, மாத்திர போடறீங்களா, இல்ல அடுப்புல போடறீங்களா?"

"போட்டேம்மா. நேத்து பட்டறையில வெயிலு."

"வெயிலுக்கும் இதுக்கும் என்ன? சிவப்புதான் எழுதுவேன்."

எழுதினேன். "இந்த வாரம் மவளுக்கு அனுப்ப வேணாம்மா" என்று அவர் முனகினார். எனக்குக் கோபம் இன்னும் கூடியது. நல்லது வந்தால் அனுப்புவது, கெட்டது வந்தால் மறைப்பதா என்று அதையும் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். கும்பிடுகிற கை வரவில்லை.

அடுத்த செவ்வாய் கிருத்திகை. பெரியம்மா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்து முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. மெஷின் பட்டையைக் கையில் சுற்றினேன். எண்பத்தாறு, ஐம்பத்து நாலு. மெஷின் கெட்டுவிட்டதோ என்று மறுபடி பார்த்தேன். அதற்கும் கீழே இறங்கியது. என் கையில் பச்சைப் பேனா மூடி திறந்தபடி இருந்தது. குறைந்து போனால் எந்த மையில் எழுதுவது என்று நான் யோசித்ததே இல்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார்.

கியூவில் நின்றவர்கள் சேர்ந்து தரையில் படுக்க வைத்தோம். ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துக் கால்களை அதன்மேல் தூக்கி வைத்தேன். கண் திறந்தார். ஆட்டோ வந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஏறினேன். வழியில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காதருகே சொன்னார்.

"காலையில மூணு மாத்திர போட்டுட்டேன். டாக்டருட்ட சொல்லிப்புடாதீங்க."

சொல்லாமல் இருக்க முடியுமா? இறங்கியதும் முதல் காரியமாகச் சொன்னேன். சுகாதார நிலைய டாக்டர் சின்ன வயசுக்காரர். கடகடவென்று ஊசியைக் குத்தி சலைன் ஏற்றினார், மறுபடி மறுபடி பிரஷர் பார்த்தார், பெரியம்மாவை ஒரு பாட்டம் திட்டிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். பெரியம்மா என் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "பெரியம்மா, தெனமும் ஒண்ணு போட்டா போதும்தானே. ஏன் போடறதில்ல?"

இதை அவரிடம் நான் முன்பு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் அது திட்டு. பதிலுக்காகக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "அதப் போட்டா ஒண்ணுக்கு முட்டிக்கிட்டே இருக்கும்மா. பட்டறையில சுத்திலும் ஆம்பளைங்க மூட்ட தூக்குறாங்க. எங்க போயி ஒக்கார்றது? மழக்காலம்னா சோளக் கொல்ல மறைக்கும். வெயில் காலத்துல மறைப்பே கெடையாது."

"டாக்டருட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"ஆம்பளப் புள்ளைட்ட போயி இத எப்படிம்மா சொல்றது?"

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு மாத்திரை, செவ்வாய் காலை ஒரு மாத்திரை. செவ்வாய் அன்று வேலைக்குப் போகமாட்டார். வாரத்துக்கு இந்த இரண்டுதான். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி படிக்கிற பிள்ளை மாதிரி எனக்காக மாத்திரை போட்டிருக்கிறார். அவர் மட்டும் இல்லையாம், கியூவில் நிற்கிற இன்னும் ரெண்டு மூணு பேரும் அப்படித்தானாம். "நீங்க கோச்சிக்கிறீங்கல்ல" என்றார். சிவப்பு வந்த வாரம் மகள் போன் செய்து சத்தம் போட்டிருக்கிறாள். இனிமேல் நீ தனியாக இருந்து கிழித்தது போதும், கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்துவிடு, அடுத்த தடவையும் சிவப்பு வந்தால் நானே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"அங்க ஒத்த ரூமு. மருமவன் இருக்காரு, புள்ளைங்க இருக்குதுங்க. நான் எங்கம்மா காலு நீட்டுறது? வெதை வெங்காயம் பட்டறையில கெடக்கு. இந்த மாசம் ஊனணும். அதான் மூணு போட்டேன், நல்லாப் பச்சையா வரட்டும்னு."

வரிசையாக எதைத்தான் தப்பு என்பது? மாத்திரை எழுதிய டாக்டர் மீது தப்பில்லை. கூப்பிட்ட மகள் மீது தப்பில்லை. பயிற்சியில் சொன்னபடிதான் நான் நாற்காலி போட்டேன். அப்படியும் ஒரு மனுஷி என் கடையில் சுருண்டு விழுந்திருக்கிறார்.

எழுந்து டாக்டரிடம் போனேன். பட்டறை, மறைப்பு, ஒண்ணுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இத என்கிட்ட சொல்லியிருந்தா நீர் பிரியாத மாத்திரையா மாத்தி எழுதியிருப்பேனே" என்றார். அந்த இடத்திலேயே மாற்றி எழுதினார். கூடவே எனக்கும் ஒரு டோஸ் விழுந்தது.

"இந்தப் பச்ச சிவப்பு வேலையெல்லாம் வேணாம்மா. பாருங்க, எழுதுங்க, எச்சா இருந்தா இங்க அனுப்புங்க. அதோட நிறுத்திக்கங்க."

"சரிங்க சார்."

வாசல் வரை போனவளைக் கூப்பிட்டார். "வேற யாராச்சும் இப்படி மாத்திர போடாம இருந்தாங்கன்னா, ஏன்னு கேட்டு எனக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்புங்க. என்கிட்ட சொல்லமாட்டேங்கறாங்க."

நிறுத்திக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா? ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறாரே என்று ஆட்டோவில் வரும்போது முழுக்க அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "உனக்கெதுக்கு இந்த வேல? மாத்திரைய வித்தமா போனமான்னு இரு" என்றார். நல்ல பதிலாகத்தான் பட்டது. ஆனால் நான் அப்படி இருந்த பதினெட்டு வருஷத்தில் எத்தனை பேர் வாரம் இரண்டு மாத்திரை சாப்பிட்டார்களோ, யார் கண்டது?

அன்று சாயங்காலமே மகள் போன் செய்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. அம்மாவுக்கு என்ன? ஞாயித்துக்கெழம வந்து கையோட கூட்டிக்கிட்டு வந்துடறேன். இனிமே அங்க விடமாட்டேன்."

பெரியம்மா என்னிடம் சொன்னதை மகளிடம் சொல்லலாமா? சொல்லாமல் விடலாமா? அம்மாவின் ரகசியம் அது. ஆனால் மகளுக்கு மாதக்கணக்கில் பொய்ப் பச்சையை அனுப்பியது என் போன். பாதி சொன்னேன். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஒழுங்காகப் போடவில்லை, இப்போது டாக்டர் மாற்றியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். பிறகு என்ன துணிச்சலில் சொன்னேனோ தெரியவில்லை.

"ஒரு மாசம் பொறுத்துக்கம்மா. நான் பாத்துக்கறேன். அதுக்கப்புறமும் சரியா வரலைன்னா நானே பஸ் ஏத்தி அனுப்பி வைக்கிறேன்."

"உங்கள நம்பித்தாங்கக்கா" என்றாள். போனை வைத்தேன். பெற்ற மகள் கூப்பிடுகிறாள், தடுக்க நான் யார்?

அந்த ஒரு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. பச்சைப் பேனாவையும் சிவப்புப் பேனாவையும் தூக்கிப் போட்டுவிட்டு எல்லோருக்கும் நீல மையில் எழுதினேன். முன்பு பச்சை வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். பெரியம்மாவை மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொன்னேன். காலியான குழிகளை எண்ணுவேன். முதல் வாரம் ஏழில் ஐந்து. இரண்டாவது வாரம் ஏழுக்கு ஏழு. புது மாத்திரையில் அடிக்கடி ஓட வேண்டிய தொல்லை இல்லை என்றார். நம்பர் மெல்ல இறங்கி ஒரு இடத்தில் நின்றது. வாராவாரம் அதைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்கே போயும் பார்த்தேன். தாள் அறுத்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். நம்பர் சரியாகவே இருந்தது. மூட்டை தூக்குகிறவர்களும் எனக்கு எனக்கு என்று கையை நீட்டினார்கள்.

மாதம் முடிந்ததும் மகள் போன் செய்தாள். "சரிங்கக்கா, அங்கயே இருக்கட்டும். மனசு நிம்மதியா இருக்கு" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பெரியம்மா வெங்காயம் ஊன்றினார். கடையில் இருந்த பெண்களில் அன்று நான் யாரையும் திட்டவில்லை.

அறுவடைக்கு முந்தின வாரம் பெரியம்மா வந்தார். அன்று கூட்டம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், கையை நீட்டினார். நூற்றி இருபத்தாறு, எண்பது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எழுதப் போனேன். அவர் நோட்டின் மீது கையை வைத்து மறைத்தார்.

"ஏம்மா, இந்த ஒரு தடவ கொஞ்சம் கூட்டி எழுதறீங்களா?"

எனக்குப் புரியவில்லை. "என்னது?"

"நூத்தி அறுவது, நூத்தி எழுவதுன்னு. ஒரே ஒரு தடவ."

"எதுக்கு பெரியம்மா? அப்பறம் மவ வந்து கூட்டிக்கிட்டுப் போயிடமாட்டாளா?"

அவர் கையை எடுக்கவில்லை. "முன்னல்லாம் வாரத்துக்கு ரெண்டு தடவ போன் பண்ணி, வாம்மா வாம்மான்னு சண்ட போடுவா. நான் வரமாட்டேம்பேன். அரை மணி நேரம் ஓடும். இப்ப நீங்க பாத்துக்கறேன்னு சொல்லி போட்டா அனுப்பிடறீங்களா, அத பாத்துட்டு நல்லாத்தான் இருக்காங்கன்னு வுட்டுடுறா. போன் வந்து இருவது நாளாவுது."

அந்தப் படங்களை அனுப்பியது நான். அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று ஒரு வாரம் தவறாமல் அனுப்பினேன். போக மனமில்லாத ஒருத்திக்கும் கூப்பிடுகிற குரல் வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது இதை டாக்டருக்குச் சீட்டு எழுதி அனுப்புவதா?

பொய் நம்பர் எழுத முடியாது என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையை எடுத்தார். நூற்றி இருபத்தாறு, எண்பது என்று சரியாக எழுதினேன். பக்கத்தில் குறிப்பு என்ற கட்டம் இருந்தது. நடையைக் கூட்டவும், உப்பைக் குறைக்கவும் என்று வழக்கமாக எழுதுகிற இடம். இது என் வேலைதானா என்று அப்போதும் தெரியவில்லை. அதில், அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை போன் செய்யவும் என்று எழுதினேன்.

"என்னம்மா இம்மாம் நீளமா எழுதுறீங்க?" என்றார்.

படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினார்.

"'அவசியம்'னு ஒரு வார்த்த சேத்துக்கங்க" என்றார்.

சேர்த்து, படம் எடுத்து அனுப்பினேன்.